ஸ்கூப்பில் 32 கிராம், லேபிளில் 50 கிராம்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: போட்டிக் குதிரைகளின் படபடப்பைத் தணிக்கும் என்று நீங்கள் விற்கும் செரிமானப் பொடி குறித்த புகார்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் பொடியில் ஒன்றரைக் கிலோ டப்பா ஒன்றை வாங்கி என் குதிரைக்கு 38 நாள் கொடுத்தேன். உங்கள் உதவி எண்ணில் இரண்டு முறை பேசினேன், ஒரு மின்னஞ்சலும் அனுப்பினேன். மூன்றிலும் கிடைத்த பதில்களைப் பார்த்த பிறகுதான் எழுத்தில் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது ஏழு வயது செவலைப் பெண்குதிரை. பெயர் மருதாணி. தடை தாண்டும் போட்டிகளுக்குக் கொண்டுபோகிறேன். பயிற்சி மைதானத்தில் அவள் தங்கம். போட்டிக்கு என்று வண்டியில் ஏற்றினால் போதும், ஆளே மாறிவிடுவாள். போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தால் வண்டித் தரையெல்லாம் கூழ் மாதிரி லத்தி. சேணத்தின் வயிற்று வாரை இழுத்துக் கட்டப் போனால் காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். கழுத்தை வெடுக்கென்று திருப்பி, என் முழங்கைக்கு ஒரு விரல் தள்ளி வெறும் காற்றைக் கடிப்பாள். உங்கள் டப்பாவின் முகப்பில் இந்த அறிகுறிகளெல்லாம் வரிசையாக இருந்தன. கீழே, வயிறு அமைதியானால் குதிரையும் அமைதியாகும், 10 நாளில் வித்தியாசம் தெரியும் என்று பெரிய எழுத்து. யாரோ என் லாயத்தை எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது. வாங்கிவிட்டேன்.

பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று. வித்தியாசம் ஒன்றும் இல்லை. முப்பதாவது நாள் காலையில்தான் ஒரு விஷயம் உறைத்தது. ஒரு நாளைக்கு ஒரு ஸ்கூப், அதாவது 50 கிராம், 30 நாளுக்கு வரும் என்று லேபிளில் இருக்கிறது. கணக்குப்படி அன்று டப்பா காலியாகியிருக்க வேண்டும். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொடி மிச்சம். சமையலறைத் தராசை லாயத்துக்கு எடுத்துப்போய், நீங்கள் டப்பாவுக்குள் போட்டு அனுப்பிய அதே ஸ்கூப்பில் தலை தட்டி அள்ளி நிறுத்தேன். 32 கிராம். நம்பிக்கையில்லாமல் நான்கு முறை நிறுத்தேன். 31, 32, 32, 33. படம் இணைத்திருக்கிறேன்.

உடனே உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை இல்லை. ஸ்கூப்பைப் பற்றிச் சொன்னதும், “அது ஒன்றும் பிரச்சினை இல்லை மேடம், இரண்டு ஸ்கூப்பாகப் போடுங்கள், சீக்கிரம் கேட்கும்” என்றார். எடை என்ன, என்ன தீனி போடுகிறீர்கள், டாக்டர் பார்த்தாரா என்று ஒரு கேள்வி இல்லை. வயிற்று வாரைக் கட்ட விடாததைச் சொன்னபோது வந்த பதில், “செவலைப் பெண்குதிரை என்றால் குணம் அப்படித்தான் இருக்கும் மேடம்.” குதிரைக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிச் சிரிக்கும் கதை அது. உங்கள் கம்பெனியின் மருத்துவ ஆலோசனை என்ற பெயரில் அதைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

சரி என்று இரண்டு ஸ்கூப் போட்டேன். எட்டு நாள் கழித்துப் போட்டி. வார்ம்-அப் மைதானத்தில் இரண்டாவது தடைக்கு முன்னாலேயே முன்னங்காலைத் தூக்கி நின்றுவிட்டாள். இறங்கி, பெயரை விலக்கிக்கொண்டு, வண்டியில் ஏற்றித் திரும்பி வந்தேன்.

அந்த வாரம் கால்நடை மருத்துவர் எண்டோஸ்கோப்பி செய்தார். 16 மணி நேரம் தீனியை நிறுத்தி, மயக்க ஊசி போட்டு, மூக்கு வழியாக 3 மீட்டர் குழாய். மருதாணி கீழுதடு தொங்க நின்றுகொண்டிருந்தாள். திரையில் இரைப்பை தெரிந்தது. மேல்பகுதி வெளிறிய வெள்ளை, கீழ்ப்பகுதி சிவப்பு, நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு விளிம்பு. அந்த விளிம்பை ஒட்டி, வெள்ளைப் பகுதியில், சுற்றிலும் சிவந்து நடுவில் மஞ்சளாகப் பள்ளம் பள்ளமாகப் புண். நான்கில் மூன்றாம் நிலை அல்சர் என்றார் டாக்டர். வார் இறுகும்போது அவள் ஏன் கடிக்க வந்தாள் என்று அதற்குப் பிறகு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி உங்கள் லேபிளுக்கு வருகிறேன். தினமும் மாலை ஒரு வேளை போட்டால் நாள் முழுவதும் அமிலத்திலிருந்து பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். குதிரையின் இரைப்பை நம்முடையது போலச் சாப்பாட்டு நேரம் பார்த்து அமிலம் சுரப்பதில்லை. தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்க இயற்கை வைத்திருப்பது உமிழ்நீர். அதுவோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். உங்கள் பொடியில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டும் மெக்னீசியமும் அமிலத்தை ஓரிரண்டு மணி நேரம் தணிக்கும், அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்குத் தின்ற பொடி மறுநாள் காலைச் சவாரிக்கு எப்படிக் காவல் இருக்கும்? ஓடும்போது வயிற்றுத் தசை இறுகி, அமிலம் மேலே அந்த வெள்ளைப் பகுதியில் தெறிக்கிறது. அந்த இடத்துக்குக் கீழ்ப்பகுதியைப் போல வழவழப்பான பாதுகாப்புப் படலம் கிடையாது. இதை டாக்டர் ஐந்து நிமிடத்தில் எனக்குப் படம் வரைந்து புரியவைத்தார். குதிரைக்குச் செரிமானப் பொடி தயாரிக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். போட்டி நாளில் உடம்பு கனக்கக் கூடாது என்று காலையிலிருந்தே காய்ந்த புல்லை நிறுத்திவிடுவேன். ஓட்ஸை இரண்டே வேளையாக நிறையப் போடுவேன். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்தால் லத்தி இளகும் என்பது இப்போதுதான் புரிகிறது. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. உங்கள் பொடியில் உள்ள ஈஸ்ட் நார்த்தீனி செரிக்க உதவக்கூடியதுதான் என்று டாக்டரே சொன்னார். ஆகவே பொடியே குப்பை என்று நான் சொல்ல வரவில்லை. புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய குதிரைக்கு, இன்னும் ஒரு ஸ்கூப் போடு என்று சொன்னீர்கள். என் புகார் அங்கேதான்.

அடுத்தது இதைவிடப் பெரியது. லேபிளில் ‘மூலிகைக் கலவை’ என்று மட்டும் இருக்கிறது. என்னென்ன மூலிகை என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். 11 நாள் கழித்துப் பதில் வந்தது. கெமோமில், பெருஞ்சீரகம், அப்புறம் போகிற போக்கில், ‘சிறிதளவு வலேரியன்’. படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. வலேரியன் பதற்றத்தைத் தணித்து மந்தமாக்கும் மூலிகை. அதில் உள்ள வலேரினிக் அமிலம் சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் டப்பாவின் முகப்பிலோ தடை தாண்டும் குதிரையின் படமும், ‘போட்டிக் குதிரைகளுக்கென்றே’ என்ற வாசகமும்! அன்று நான் பெயரை விலக்கிக்கொள்ளாமல் இருந்து, மருதாணியிடம் ரத்தமோ சிறுநீரோ எடுத்திருந்தால் என் கதி என்ன? தெரியாமல் தின்னக் கொடுத்தேன் என்ற சமாதானம் அங்கே எடுபடாது. பொறுப்பு சவாரி செய்கிறவர் தலையில்தான். 2008 ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது, மிளகாயில் இருக்கும் கேப்சைசின் சோதனையில் தெரிந்ததற்காக நான்கு குதிரைகள் தனிநபர் இறுதிச்சுற்றுக்கு முன் நிறுத்தப்பட்டன. அதில் ஒன்றால் நார்வே அணி தன் வெண்கலத்தையே இழந்தது. இந்தத் துறையில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது பழைய செய்தி.

மருதாணி இப்போது தேறிவிட்டாள். 28 நாள் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்து, லாயத்தில் எந்நேரமும் காய்ந்த புல், ஓட்ஸ் பாதியாகக் குறைத்து நான்கு வேளையாகப் பிரித்தாயிற்று. சவாரிக்கு முன்னால் நறுக்கிய குதிரைமசால் இரண்டு கைப்பிடி. வெறும் வயிற்றோடு இப்போது ஓடவிடுவதே இல்லை. மறுபடி குழாய் விட்டுப் பார்த்ததில் புண் ஆறியிருந்தது. வாரைக் கட்டும்போது காதைக்கூட அசைப்பதில்லை. ஒலிபெருக்கி அலறினால் இன்னமும் மிரளுகிறாள். அது அவள் சுபாவம், எந்தப் பொடிக்கும் அடங்காது.

நான் கேட்பது இவ்வளவுதான். டப்பாவின் விலையைத் திருப்பிக் கொடுங்கள். லேபிளில் சொன்ன அளவு பிடிக்கிற ஸ்கூப்பைப் போடுங்கள். ஒவ்வொரு மூலிகையின் பெயரையும் அளவோடு அச்சிடுங்கள். வலேரியனைப் போடுவதென்றால் ‘போட்டிக் குதிரைகளுக்கென்றே’ என்பதை எடுத்துவிடுங்கள். வயிற்று வாரைக் கட்ட விடாத குதிரையை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று டப்பாவில் ஒரு வரி சேருங்கள். உதவி எண்ணில் பேசுகிறவர்கள் அளவைக் கூட்டச் சொல்வதை நிறுத்தட்டும். எல்லாவற்றையும்விட அவசரம் ஒன்று: இந்தப் பொடியை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு வலேரியன் விஷயத்தை இன்றே தெரிவியுங்கள். அடுத்த வாரம் போட்டிக்குக் கிளம்பும் யாரோ ஒருவர் இன்று மாலை இதை வாளியில் கலந்துகொண்டிருப்பார்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்; போனில் வேண்டாம். பில்லின் நகல், தராசுப் படங்கள், உங்கள் மின்னஞ்சல், எண்டோஸ்கோப்பி அறிக்கை ஆகியவற்றை இணைத்துள்ளேன். டப்பாவையும் ஸ்கூப்பையும் அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் பொடியையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். பரிசோதிக்க வேண்டுமென்றால் ஆளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மருதாணியின் உரிமையாளர்