லிட்டர் பைக் வாங்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்பதில் ரொம்ப சந்தோஷம். மகன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், கடனெல்லாம் அடைந்துவிட்டது, இனியாவது ஆசைப்பட்ட ஸ்போர்ட்ஸ் பைக்கை வாங்கிவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். தாராளமாக வாங்குடா. ஆனால் "எடுத்தால் 1000 சிசிதான்" என்று ஒரு வரி போட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில். பொறுமையாகப் படி.

இன்றைய லிட்டர் பைக், அதாவது 1000 சிசி வண்டி, சுமார் 200 ஹெச்பி தரும். எரிபொருளோடு சேர்த்து எடையும் ஏறக்குறைய 200 கிலோதான். கிலோவுக்கு ஒரு ஹெச்பி. பல மாடல்களில் முதல் கியரிலேயே 150 கி.மீ. வேகம் வந்துவிடும். பொதுச் சாலையில் ஓட்ட அனுமதியுள்ள வேகமெல்லாம் ஏறக்குறைய அந்த ஒரு கியருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மற்ற ஐந்து கியர்களும் எதற்கு என்றால், ரேஸ் டிராக்குக்கு. சாலையில் அந்த இன்ஜினின் உச்சத்தைத் தொட ஒரு சில வினாடிதான் கிடைக்கும். அதற்குள் அடுத்த வளைவோ, முன்னால் போகும் லாரியோ வந்து நிற்கும்.

600 சிசி நான்கு சிலிண்டர் வண்டிகளின் சுகமே வேறு. யமஹா ஆர்6-ஐ எடுத்துக்கொள். பிஸ்டன் விட்டம் 67 மி.மீ., அது மேலும் கீழும் போகும் தூரம் வெறும் 42.5 மி.மீ. தூரம் குறைவு என்பதால் நிமிடத்துக்கு 16,000 சுற்று (ஆர்பிஎம்) வரை பயமில்லாமல் சுற்றும். 6,000-க்குக் கீழே சாதுவாக இருக்கும், ஆக்ஸிலரேட்டரான த்ராட்டிலைத் திருகினாலும் அவசரப்படாது. 10,000-ஐத் தாண்டும்போது சத்தம் கூர்மையாகி, வண்டி தன்னைத்தானே முன்னால் வீசிக்கொள்ளும். அந்த ஒரு நொடிக்காகவே இந்த வகை வண்டியின் மேல் உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் அன்றாட ஓட்டத்தில் நீ இருக்கப்போவது பெரும்பாலும் அந்த 6,000-க்குக் கீழேதான் என்பதையும் கணக்கில் வை.

என்னைக் கேட்டால் ஸ்போர்ட்ஸ் பைக்கின் உண்மையான போதை பவரில் இல்லை, எடைக் குறைவில் இருக்கிறது. 1992-ல் ஹோண்டா முதல் ஃபயர்பிளேடை இறக்கியபோது அதன் இன்ஜின் 893 சிசி, திரவங்கள் இல்லாமல் எடை 185 கிலோ. அன்றைய போட்டி வண்டிகள் சிலவற்றைவிட அதற்கு பவர் குறைவு. அதை வடிவமைத்த தடாவோ பாபா எடையைக் குறைப்பதில் பிடிவாதமாக நின்றார், அதனால்தான் அந்த வண்டி வளைவில் அப்படித் திரும்பியது. இன்றைக்கும் கதை அதேதான். பவர் நேர்ச்சாலையில் மட்டும் பேசும். எடைக் குறைவு பிரேக் பிடிக்கும்போது, சாய்க்கும்போது, நிமிர்த்தும்போது என்று எல்லா இடத்திலும் பேசும்.

சாய்ப்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கொஞ்சம் வேகம் வந்தபிறகு வலப்பக்கம் திரும்ப வலது ஹேண்டிலை முன்னால் தள்ள வேண்டும், இடப்பக்கம் என்றால் இடது ஹேண்டிலை. எல்லா இரு சக்கர வண்டியும் இப்படித்தான் திரும்புகிறது. ஆனால் ஸ்போர்ட்ஸ் பைக்கில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஏறக்குறைய 24 டிகிரி மட்டுமே சாய்ந்து செங்குத்துக்கு நெருக்கமாக நிற்பதாலும், இரு அச்சுகளுக்கு இடையே 1,400 மி.மீ. அளவே இருப்பதாலும், லேசாகத் தள்ளினாலே வண்டி உடனே சாய்ந்து கொடுக்கும். தெரியாமல் உடம்பால் மட்டும் தள்ளி ஓட்டுகிறவனுக்கு அவசரத்தில் வண்டி திரும்பாது. இதை முதல் நாளே காலியான இடத்தில் 40 கி.மீ. வேகத்தில் பழகிக்கொள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 50 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவை 60 கி.மீ. வேகத்தில் எடுத்தால் சாய்வு சுமார் 30 டிகிரி. அதே வளைவை 80-ல் எடுத்தால் 45 டிகிரி. டயருக்கும் அகலம் இருப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சாய்க்க வேண்டியிருக்கும். 20 கி.மீ.தான் கூடியது, ஆனால் 45 டிகிரியில் டயர் வண்டியும் நீயும் சேர்ந்த எடைக்குச் சமமான பக்க விசையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. காய்ந்த, சூடான, சுத்தமான தாரில் நல்ல டயர் அதைத் தாங்கும். ஒரு பிடி மணலோ, ஒரு சொட்டு டீசலோ கிடந்தால் தாங்காது. டிராக்கில் அடுத்த சுற்றிலும் அதே தார் இருக்கும், சாலையில் என்ன கிடக்கிறது என்று வளைந்து முடித்தபிறகுதான் தெரியும். அதனால் சாலையில் 30 டிகிரிக்கு மேல் போக வேண்டிய தேவையே வராதபடி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு உள்ளே போ. வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிந்தபிறகு த்ராட்டிலைத் திற. நடுவில் பயந்துபோய் பிரேக்கைப் பட்டென்று பிடித்தால் வண்டி நிமிர்ந்து வெளிப்பக்கம் ஓடும், இல்லையென்றால் முன்டயர் பிடியை விட்டுவிடும். கண்ணும் அப்படித்தான். எதைப் பார்த்து மிரள்கிறாயோ, கை அங்கேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும். தடுப்புச் சுவரைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார்.

பிரேக் விஷயத்தில் இந்த வண்டிகள் அற்புதம். முன்னால் 310 முதல் 330 மி.மீ. வரை இரட்டை டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்க நான்கு பிஸ்டன் ரேடியல் காலிப்பர். இரண்டு விரல் போதும். ஆனால் முதலிலேயே அழுத்திவிடாதே. லேசாகப் பிடித்து ஃபோர்க் அமுங்கி எடை முன்டயருக்கு வந்தபிறகு அழுத்தத்தைக் கூட்டு. டயர் தரையில் அழுந்திய பிறகுதான் அதற்கு முழுப் பிடி கிடைக்கும். நன்றாகப் பிரேக் பிடித்தால் 100 கி.மீ.யிலிருந்து நிற்க சுமார் 43 மீட்டர் ஆகும். சுதாரிக்க ஒரு வினாடி என்று வைத்தால் அதற்கு 28 மீட்டர். ஆக மொத்தம் 71. இதே கணக்கு 200 கி.மீ.யில் 227 மீட்டர். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது. 200-க்குப் போக லிட்டர் பைக்குக்கு ஏழெட்டு வினாடி போதும், 227 மீட்டர் காலி இடத்துக்கு யார் உத்தரவாதம் தருவார்கள்?

இனி உடம்பு. முதல் வாரத்திலேயே மணிக்கட்டு வலிக்கிறது என்று எழுதுவாய். ஹேண்டில் தாழ்ந்து, கால் வைக்கும் ஃபுட்பெக் உயர்ந்து பின்னால் போயிருப்பதால், உடல் முன்னால் சரிகிறது. சுமார் 100 கி.மீ. வேகத்துக்கு மேல் எதிர்காற்று நெஞ்சைத் தூக்கிப் பிடிக்கும், கையின் பாரம் குறையும். நெரிசலில் அந்தக் காற்று கிடையாது. முழுப் பாரமும் உள்ளங்கையில் இறங்கும். முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்து, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்கி, முழங்கையைத் தளர்வாக மடக்கி வைப்பதுதான் வழி. டேங்கின் இருபுறமும் ரப்பர் கிரிப் ஒட்டினால் பெரிய உதவி. பிரேக், கிளட்ச் லீவர்கள் பெரும்பாலும் கிடைமட்டமாக இருக்கும். முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி அவற்றைக் கீழே திருப்பிக்கொள். ஐந்து நிமிட வேலை, வலி பாதி போய்விடும். நம் வயதில் கழுத்தும் இடுப்பும் சேர்ந்து கணக்குக் கேட்கும். அதனால் டெலிவரி எடுப்பதற்கு முன்பே வயிற்றுக்கும் முதுகுக்கும் உடற்பயிற்சியைத் தொடங்கு.

சூடு இன்னொன்று. ரேடியேட்டர் ஃபேன் பல வண்டிகளில் 100 டிகிரியைத் தாண்டிய பிறகே ஓடத் தொடங்கும். நின்று நின்று போகும்போது அந்த வெப்பக்காற்று நேராகத் தொடைக்கு வரும். பழுது இல்லை, ஃபேரிங் என்ற வெளிக்கூடு இன்ஜினை மூடியிருப்பதால் வரும் விளைவு. ஹேண்டில் முழுதாகத் திரும்பாது என்பதால் குறுகிய இடத்தில் யூ-டர்ன் போடுவது சிரமம். அப்படித் திருப்பும்போது நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தால் லீவர், இண்டிகேட்டர், ஃபேரிங், ஃபுட்பெக் தாங்கி என்று நான்கும் ஒன்றாகப் போகும். விழும்போது அடியைத் தாங்கும் ஃபிரேம் ஸ்லைடரை முதல் நாளே போட்டுவிடு. பின்சீட்டைப் பற்றி வீட்டில் இப்போதே சொல்லிவை. அது உட்காரும் இடம் மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

வண்டி வந்ததும் நீ செய்ய வேண்டிய முதல் காரியம் சஸ்பென்ஷனை உன் எடைக்குச் சரிசெய்வது. நிறையப் பேர் இதைச் செய்யாமலேயே வண்டியைக் குறை சொல்கிறார்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போது அதன் பளபளப்பான குழாயின் நீளத்தை அளந்துகொள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டு, ஓட்டும் நிலையில் உட்கார்ந்து கால்களை பெக்கில் வை. ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் முன்பக்கத்தை அமுக்கி மெதுவாக மேலே வரவிட்டு ஒருமுறை அளக்கட்டும், தூக்கி மெதுவாகக் கீழே விட்டு ஒருமுறை அளக்கட்டும். இரண்டின் சராசரியை முதல் அளவிலிருந்து கழித்தால் வருவதுதான் சாக், அதாவது நீ உட்காரும்போது சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு. சாலைக்கு முன்னால் 30 முதல் 35 மி.மீ., பின்னால் 25 முதல் 30. பின்பக்கம் சக்கர அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்கடியில் ஒரு புள்ளி வரை அள. சாக் அதிகமென்றால் ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோடைக் கூட்டு, குறைவென்றால் தளர்த்து. நீ உட்காரும்போது சாக் சரியாக வந்து, இறங்கிய பின் வண்டி தன் எடையில் கொஞ்சம்கூட அமுங்கவில்லை என்றால், உன் எடைக்கு ஸ்ப்ரிங் மென்மை. ப்ரீலோடால் அது தீராது, ஸ்ப்ரிங்கையே மாற்ற வேண்டும். அமுங்கிய சஸ்பென்ஷன் மேலே வரும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகைத் தொடுவதற்கு முன், வலஞ்சுழியாக மென்மையாக முழுதும் மூடி, எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிவைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே கொண்டுவா. அமுக்கி விட்டால் ஒரே மூச்சில் மேலே வந்து நிற்க வேண்டும், இரண்டாவது ஆட்டம் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், அதுவும் இரண்டு கிளிக்குக்கு மேல் வேண்டாம்.

டயர் அளவு முன்னால் 120/70, பின்னால் 180/55 அல்லது 190/55, இரண்டும் 17 அங்குலம். காற்றழுத்தம் குளிர்ந்த நிலையில் முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ என்பது பல வண்டிகளுக்கு உள்ள பரிந்துரை. உன் வண்டியின் ஸ்டிக்கரைப் பார்த்து வை. டிராக் டயர் போட்டால் கெத்து என்று யாராவது சொன்னால் கேட்காதே. அந்த ரப்பர் நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும், சாலை ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. புதுடயரில் முதல் 150 கி.மீ. நிதானம். நேர்ச்சாலையிலேயே ஓட்டினால் பின்டயரின் நடுப்பகுதி தட்டையாகிவிடும், பிறகு வண்டி சாயும்போது ஒரு விளிம்பைத் தாண்டி விழுவதுபோல் திடுக்கென்று சாயும். டயரின் பக்கவாட்டில் அது தயாரான காலத்தைக் காட்டும் நான்கு இலக்கத்தையும் பார். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம்.

பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் பேடாக் ஸ்டாண்டில் வண்டியை வைத்துக் கையால் சக்கரத்தைச் சுற்றி, செயின் மிகவும் இறுக்கமாக உள்ள இடத்தில் அதன் தொய்வை அள. பெரும்பாலும் 25 முதல் 35 மி.மீ. இறுக்கமாக விட்டால் கியர்பாக்ஸ் பேரிங் தேயும், பின் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்காது. இன்ஜினை ஓடவிட்டுச் செயின் துடைக்கவே கூடாது, விரல் துண்டாகப் போகும். ஆயில், பைக்குகளுக்கான ஜாஸோ எம்ஏ2 தர முத்திரை உள்ளதாக இருக்கட்டும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருள் இருந்தால் கிளட்ச் வழுக்கும். பிரேக் திரவம் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று. வால்வு இடைவெளி சோதனை மாடலைப் பொறுத்து 24,000 முதல் 42,000 கி.மீ. வரை தள்ளி வரும். ஆனால் ஃபேரிங், டேங்க், ஏர்பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்பதால் கூலிதான் பெரிய செலவு.

வேகத்தில் மேடு ஏறி இறங்கும்போது ஹேண்டில் இடமும் வலமுமாகப் படபடவென அடித்தால், இறுக்கிப் பிடிக்காதே, பிரேக்கும் வேண்டாம். டேங்கை முழங்காலால் பிடி, உடம்பை முன்னால் சாய், த்ராட்டிலை மெதுவாகத் தளர்த்து. பெரும்பாலும் அது தானே அடங்கும். இந்த ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் உள்ள வண்டி என்றால் இது அரிதாகவே வரும்.

பட்ஜெட்டில் முதல் பங்கு பாதுகாப்பு உடைக்கு. தர முத்திரையைப் பார்த்து வாங்கு: ஹெல்மெட் ஈசிஇ 22.06, உடை இஎன் 17092-ல் ஏஏஏ, முதுகுக் கவசம் இஎன் 1621-2-ல் லெவல் 2. கையுறையில் உள்ளங்கைப் பக்கம் ஸ்லைடர் இருக்கட்டும், விழும்போது முதலில் தரையைத் தொடுவது அதுதான். காதடைப்பானையும் மறக்காதே. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 100 டெசிபலை நெருங்கும், அதனால் போன காது திரும்ப வராது.

எதை வாங்கலாம் என்றுதானே கேட்பாய்? என் தேர்வு இரட்டைச் சிலிண்டர் வண்டி. யமஹா ஆர்7-ல் 689 சிசி, சுமார் 73 ஹெச்பி. இழுவை குறைந்த ஆர்பிஎம்மிலேயே கிடைக்கும் என்பதால் சாலையில் ஒவ்வொரு வளைவிலும் அதைப் பயன்படுத்தலாம். இன்னும் கொஞ்சம் காரம் வேண்டுமென்றால் அப்ரிலியா ஆர்எஸ்660, 659 சிசியில் சுமார் 100 ஹெச்பி. நான்கு சிலிண்டரின் அலறல்தான் வேண்டும் என்றால் கவாஸாகி இசட்எக்ஸ்-4ஆர் இருக்கிறது, 399 சிசிதான், 15,000 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றும். லிட்டர் பைக் ஆசை அப்போதும் தீரவில்லை என்றால், இரண்டு வருடம் கழித்து டிராக் பயிற்சியும் முடித்துவிட்டு வாங்கு.

பழைய வண்டி பார்க்கப் போனால், முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பார். நடுவில் எங்காவது தடுக்கினால் பேரிங் போயிருக்கிறது. ஹேண்டில் கடைசியில் முட்டும் ஸ்டாப்பர் வளைந்தோ உடைந்தோ இருந்தால் வண்டி மோசமாக விழுந்திருக்கிறது, பேரம் பேசாமல் திரும்பி வா. ஃபோர்க் சீலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, லீவர் நுனியில் உரசல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

உடையோடு சேர்த்து உன் எடை எத்தனை கிலோ, இடுப்பிலிருந்து பாதம் வரை எத்தனை செ.மீ. என்று அடுத்த கடிதத்தில் எழுது. எந்த மாடலில் ஸ்ப்ரிங் மாற்ற வேண்டியிருக்கும், எதில் கால் தரையில் முழுதாகப் படியும் என்று பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்