பாப்பாவுக்கு, கொல்கத்தாவிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கதைகளை எல்லாம் படித்துவிட்டேன். அப்பாவும் படித்தார். அவர் கருத்தை அவரே சொல்லுவார், அதில் நான் தலையிடவில்லை. எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று நீ பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில், அன்றைக்கு நீ புலம்பிய விஷயம். யாரோ ஒரு கூட்டத்தில் உன்னிடம், "பாட்டி கதையே எழுதுறீங்களே, சொந்தக் கதை எப்போ எழுதப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறார். நீயும் அங்கே சிரித்து மழுப்பிவிட்டு என்னிடம் வந்து, "நான் என்னம்மா எழுத்தாளர், திரும்பச் சொல்றவதானே" என்கிறாய். கேட்டவரை விடு. உனக்கு உதாரணமாகச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். சின்ன வயதில் அவர் கதை இல்லாமல் உனக்குச் சோறு இறங்காது. எதிர்வீட்டு மாஷிமா (வங்காளிகள் பெரியம்மா, சித்தியை அப்படித்தானே கூப்பிடுவார்கள்) வங்காள மொழியில் படிப்பாள், நான் தயிர்சாதத்தை உருட்டி உருட்டி உன் வாயில் போடுவேன். எழுதியவர் பெயர் உனக்கு அப்போது தெரியாது, அந்தக் குருவியின் பெயர் மட்டும் தெரியும். டுன்டுனி. நம் ஊர் தையல்சிட்டு.

உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. 1863-இல் மைமன்சிங் பக்கம் மசூவா என்ற கிராமத்தில் பிறந்தவர். அது இப்போது பங்களாதேஷில் இருக்கிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் காமதாரஞ்சன். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே உறவுக்கார ஜமீன்தார் சுவீகாரம் எடுத்துப் பெயரையும் மாற்றிவிட்டார். படிக்கக் கல்கத்தா வந்தார், பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்தார், வயலின் வாசித்தார், படம் வரைந்தார். 1883-இல் 'சகா' என்று குழந்தைகளுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். மாணவராக இருக்கும்போதே அதில் எழுத ஆரம்பித்தார். சத்யஜித் ராயின் தாத்தா என்று சொன்னால்தான் இப்போது பலருக்குப் புரிகிறது. எனக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான்.

அவர் எழுதியதில் பெரும்பகுதி திரும்பச் சொன்னதுதான். பிள்ளைகளுக்கு ராமாயணம், பிள்ளைகளுக்கு மகாபாரதம், புராணக் கதைகள், அப்புறம் 1910-இல் டுன்டுனி புத்தகம். ராமாயணத்தில் என்ன நடந்தது தெரியுமா? கதையை எழுதி, படங்களையும் தானே வரைந்து கொடுத்தார். அந்தக் காலத்தில் படத்தை மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சடிப்பார்கள். செதுக்கியவர் கையில் படம் கெட்டுப்போனது. வேறொருவராக இருந்தால் பதிப்பாளருடன் சண்டை போட்டுவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போயிருப்பார். இவர் இங்கிலாந்திலிருந்து காமிராவும் சாமான்களும் வரவழைத்து, புத்தகம் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு, 1895-இல் சொந்தமாகப் பிளாக், அதாவது படம் அச்சடிக்கிற தகடு, செய்யும் தொழிலைத் தொடங்கினார்.

ஆஃப்டோன் பிளாக் என்றால் என்னவென்று அப்பாவைக் கேள், அச்சகத்தில் வேலை பார்த்தவர், ஒரு மணி நேரம் சொல்லுவார். சுருக்கமாக நான் சொல்கிறேன். நெருக்கமாகக் கோடு கீறிய கண்ணாடி ஒன்றை வைத்துப் படத்தைப் போட்டோ எடுத்தால் நிழலெல்லாம் புள்ளிகளாக உடையும். இருட்டான இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சமான இடத்தில் சின்னப் புள்ளி. அதைத் தகட்டில் ஏற்றி அமிலத்தால் அரித்தால் பிளாக் தயார். இந்தக் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் என்ன கணக்கு என்று கல்கத்தாவில் உட்கார்ந்து ஆராய்ந்து, லண்டனில் அச்சுத் தொழிலுக்கென்றே வந்துகொண்டிருந்த பென்ரோஸ் ஆண்டு மலரில் கட்டுரைகள் எழுதினார். இதற்கெல்லாம் தொடக்கம், குழந்தைகள் ராமாயணத்தில் படம் அசிங்கமாக வந்ததுதான். திரும்பச் சொல்லுகிறவரின் வேலை எதுவரைக்கும் போகும் என்று பார்த்துக்கொள். உன் புத்தகத்துக்குப் படம் யார் வரைகிறார்கள் என்று கேட்டதற்கு "அதெல்லாம் அவங்க பார்த்துப்பாங்கம்மா" என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

டுன்டுனி புத்தகத்துக்கு அவர் எழுதிய முன்னுரை ரொம்பச் சின்னது. சாயங்காலம் பிள்ளைகள் சாப்பிடாமலே தூங்கப் பார்க்கும்போது, கிழக்கு வங்காளத்தில் சில பகுதிப் பெண்கள் இந்தக் கதைகளைச் சொல்லி அவர்களை விழித்திருக்க வைப்பார்கள் என்கிறார். பெரியவர்களான பிறகும் அந்தப் பிள்ளைகளுக்கு அதன் ருசி மறப்பதில்லை என்கிறார். அவ்வளவுதான். இந்தக் கதைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு அதுவே விளக்கம். கண் சொக்கும் பிள்ளையிடம் ஊர் வர்ணனை செல்லுமா? முதல் வரியிலேயே குருவி கத்திரிச் செடியில் கூடு கட்டியாக வேண்டும், இரண்டாம் வரியில் குஞ்சு பொரித்தாக வேண்டும், மூன்றாம் வரியில் பூனை வந்தாக வேண்டும்.

அந்தக் கதை உனக்கு நினைவிருக்கும். பூனை வந்து செடியடியில் நிற்கும். குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. டுன்டுனி தலையைத் தாழ்த்தி "மகாராணிக்கு வணக்கம்" என்று சொல்லும். பூனை பூரித்துப்போய்த் திரும்பிவிடும். தினமும் இதே கூத்து. ஒரு நாள் குஞ்சுகள் எதிரே இருக்கும் பனைமரம் வரைக்கும் பறந்து காட்டும். அன்றைக்குப் பூனை வரும்போது டுன்டுனி காலைத் தூக்கி உதைப்பது போலக் காட்டி, "போடி மூதேவி" என்று திட்டிவிட்டுப் பறந்துவிடும். பாய்ந்த பூனைக்குக் கத்திரி முள் குத்தியதுதான் மிச்சம். முடிந்தது கதை. "இதிலிருந்து நாம் அறிவது" என்று ஒரு வரி கிடையாது. ஆனால் பலம் இல்லாதவன் எப்போது குனியலாம், எப்போது திட்டலாம் என்று அதில் இருப்பதை உன் நீதி வாக்கியத்தில் அடக்க முடியுமா, சொல்லு பார்ப்போம்.

இப்போது உன் கதைகளுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. குளக்கரை கதையில் குளத்துக்கே இரண்டு பத்தி போய்விட்டது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கு அழகு? உன்னிடம் சொந்தக் கதை கேட்டவருக்காக எழுதிய பத்திகள் அவை என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் "எனவே குழந்தைகளே" என்று ஒரு பத்தி வேறு. நம் பாட்டி அப்படி எப்போது சொன்னாள்? "கதையும் முடிஞ்சது, கத்திரிக்காயும் காய்ச்சது" என்று சொல்லிக் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

இன்னொன்று. நரி கதையில் கடைசியில் நரி திருந்தி எல்லாருக்கும் நண்பனாகிவிடுகிறது. பதிப்பகத்தில் அடிதடி வேண்டாம் என்றார்களா, நீயே மாற்றினாயா? உபேந்திரகிஷோரின் நரிப் பண்டிதர் கதையில் முதலை தன் ஏழு குட்டிகளையும் நரியிடம் படிக்க விடும். நரி தினம் ஒரு குட்டியைத் தின்னும். தாய் வந்து கேட்டால், மீதி இருப்பவற்றையே மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டி ஏழு கணக்குச் சொல்லும். ஒரே ஒரு குட்டி மிஞ்சும் நாளில் அதையே ஏழு தடவை காட்டும். நீ அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பாய். நான்தான் பெற்றவளாயிற்றே என்று முதலைக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருப்பேன்.

அதற்காக எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லமாட்டேன். எனக்கே இரண்டு மனசாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. ராஜா வெயிலில் காயவைத்த காசில் ஒன்றை டுன்டுனி எடுத்துக்கொண்டு, ராஜா வீட்டில் இருக்கிற செல்வம் என் வீட்டிலும் இருக்கிறது என்று பாடும் கதை. அதில் பிடித்த குருவியை ராணிகள் தவறவிட்டுவிட்டு, தவளையை வறுத்து வைத்துவிடுவார்கள். ராஜா கோபத்தில் ஏழு ராணிகளின் மூக்கையும் அறுக்கச் சொல்லிவிடுவான். அந்த இடத்தில் மாஷிமா குரலைத் தாழ்த்திக்கொண்டு வேகமாகத் தாண்டிவிடுவாள். ஆனால் அதை வெட்டிவிட்டால், கடைசியில் சிப்பாயின் வாள் குருவிக்குத் தப்பி ராஜாவின் மூக்கில் விழுகிறதே, அந்த நியாயம் எங்கிருந்து வரும்? ராஜா சும்மா ஒரு அசட்டு ராஜாவாகிவிடுவான். மாஷிமா மாதிரி வேகமாகத் தாண்டுவதுதான் சரியோ என்னவோ. எழுத்தில் அது ஒரு சின்ன வாக்கியம். நீ அப்படி முயற்சி செய்து பார். உன் நரி கதையில் நரி சாவதைச் சொல்லவே முடியவில்லை என்றால் அந்தக் கதையை எடுக்காதே, வேறு கதை எடு.

உபேந்திரகிஷோரிடம் எனக்கும் ஒரு குறை உண்டு. "சில பகுதிப் பெண்கள்" என்று நிறுத்திக்கொண்டார். எந்த ஊர்ப் பெண்கள், யார் வீட்டில் கேட்டது, ஒன்றும் இல்லை. மூன்று வருஷம் முன்னாலேயே, 1907-இல், தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் பாட்டிமார் கதைகளைத் தொகுத்துப் போட்ட புத்தகம் வந்திருந்தது. அதற்குத் தாகூர் முன்னுரை எழுதி, பாட்டியின் கதைப்பைகூட இப்போது இங்கிலாந்துத் துணி மாதிரி மான்செஸ்டர் ஆலையிலிருந்து வர ஆரம்பித்துவிட்டதே என்று வருத்தப்பட்டார். வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச வருஷத்தில் உபேந்திரகிஷோரின் மகன் சுகுமார் ராய் அச்சுக்கலை படிக்க இங்கிலாந்து போனார். லண்டனில் படித்து, அப்புறம் அதே மான்செஸ்டரிலும் படித்தார். பாட்டி கதை நன்றாக அச்சாக வேண்டும் என்றால் மான்செஸ்டருக்கும் போகத்தான் வேண்டியிருந்தது!

நீ அந்தக் குறையை வைக்காதே. ஒவ்வொரு கதையின் அடியிலும் யாரிடம் கேட்டாய், எந்த ஊர் என்று ஒரு வரி போடு. திருவையாற்றுப் பாட்டி சொன்னது, பெரிய அத்தை சொன்னது, வயலுக்குக் களை எடுக்க வந்த ஆயா சொன்னது என்று பிரித்துப் போடு. ஆயா கதைகளை நம் பாட்டி கணக்கில் சேர்க்காதே. உனக்கு ராயல்டி வரும், அவளுக்கு ஒன்றும் வராது. பெயராவது இருக்கட்டும்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டிருந்தாய். உபேந்திரகிஷோர் வீட்டுச் செலவைத் தாங்கியது பிளாக் தொழில்தான், டுன்டுனி இல்லை. அந்தத் தொழில் இருந்ததால்தான் 1913-இல் 'சந்தேஷ்' என்ற குழந்தைகள் பத்திரிகையைத் தொடங்கி, எழுதி, படம் போட்டு, தன் அச்சகத்திலேயே அடிக்க முடிந்தது. கார்ப்பார் ரோட்டில் வீடும் அச்சகமும் ஒரே கட்டடத்தில். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அப்பா கையை நீட்டிக் காட்டுவார், உனக்குச் சலிப்பாக இருக்கும். 1915 டிசம்பரில், 52 வயதில் நீரிழிவு அவரைக் கொண்டுபோய்விட்டது. சுகுமார் பொறுப்பேற்றார். அவரும் 1923-இல், 35 வயதில், காலா அசார் காய்ச்சலில் போய்விட்டார். அப்புறம் கொஞ்ச வருஷத்தில் நிறுவனமும் நொடித்தது, பத்திரிகையும் நின்றது. 1961-இல் பேரன் சத்யஜித்தான் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து அதை மறுபடி கொண்டுவந்தார். ஆக, வேலையை இப்போது விடாதே. வாரத்தில் நான்கு நாள் என்று கேட்டுப் பார். வீட்டு வாடகையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு எழுதினால் நரி இன்னும் சீக்கிரம் திருந்திவிடும்.

சரி, அந்தச் 'சொந்தக் கதை' கேள்வி. பாட முடியாத கூபி, கொட்டத் தெரியாத பாகா என்று இரண்டு பேர். ஊரே தொல்லை தாங்காமல் அவர்களைத் துரத்திவிடும். காட்டில் பேய்களிடம் வரம் வாங்குவார்கள். பேரன் 1969-இல் படமாக எடுத்தாரே, அந்தக் கதை உபேந்திரகிஷோரின் சொந்தக் கதை, 'சந்தேஷ்' பத்திரிகைக்காக எழுதியது. படித்தால் யாரோ ஒரு கிழவி நூறு வருஷமாகச் சொல்லிவந்தது போலவே இருக்கும். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் மற்றவர்கள் கதையைத் திரும்பச் சொல்லிச் சொல்லி அந்த வாய் பழகியிருந்தது. உனக்கும் வரும். வராவிட்டாலும் டுன்டுனி போதும் என்பது என் எண்ணம்.

காகிதத்தில் நான் பென்சிலால் குறித்ததை அப்பா ஸ்கேன் செய்து அனுப்புவார். குளத்தைப் பற்றிய பத்திகளை அடித்திருக்கிறேன், திட்டாதே. கொழுக்கட்டைக் கதையில் நடுவில் ஒரு பாட்டு வர வேண்டும், நீ உரைநடையாக ஒப்பேற்றியிருக்கிறாய். எனக்கு முதல் அடிதான் நினைவிருக்கிறது. முழுப் பாட்டும் தெரிந்தவள் பெரிய அத்தை ஒருத்திதான். இந்த ஞாயிற்றுக்கிழமையே கும்பகோணம் போய் அவளைப் பாட வைத்துப் பதிவு செய்துகொள். காலையில் போ, மத்தியானம் அவள் தூங்கிவிடுவாள். போகும்போது நல்ல காபிப்பொடி வாங்கிக்கொண்டு போ, கடைசித் தடவை நீ கொடுத்தது சிக்கரி ஜாஸ்தி என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அம்மா