வட்டத்தை எங்கே வெட்டினீர்கள்?

நானோபோரில் (டி.என்.ஏ. இழையை நுண்துளை வழியே செலுத்தி வாசிக்கும் கருவி) மனித மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை வாசித்து அறிக்கை கொடுக்கும் ஆய்வகத்தாருக்கு,

வணக்கம். ‘பெரிய நீக்கம் எதுவும் இல்லை’ (நீண்ட துண்டு எதுவும் விடுபடவில்லை) என்று எழுதும் பக்கத்திலேயே, வட்டத்தை எந்த இடத்தில் வெட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. 16,569 காரங்கள் (டி.என்.ஏ. எழுத்துகள்) கொண்ட மூடிய வட்டம். முனை இல்லாவிட்டால் அடாப்டர் (இழையைத் துளைக்குள் செலுத்த ஒட்டும் சிறு துண்டு) ஒட்டாது, அடாப்டர் இல்லாத மூலக்கூறு துளைக்குள் நுழையாது. அதற்காகத்தான் பாம்-எச்-1 நொதியால் வெட்டுகிறீர்கள். அது 14258-ஆம் காரத்தின் அருகே ஒரே இடத்தில் வெட்டும். சிக்கலும் அங்கேதான். பெரிய நீக்கங்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 5800 முதல் 16000 வரையுள்ள பெரிய வில்லில் (வட்டத்தின் நீண்ட பகுதியில்) நடப்பவை. நீக்கம் 14258-ஐயும் சேர்த்து விழுங்கியிருந்தால் அந்த வட்டம் வெட்டுப்படாமல் மூடியே கிடக்கும், ரீட் (கருவி வாசித்துத் தரும் வரிசை) வராது. அறிக்கையில் ‘இயல்பு’ என்று வந்துவிடும்.

பிவியு-2 நொதியும் ஒரே ஒரு இடத்தில்தான் வெட்டும், ஆனால் 2650 வாக்கில், சிறிய வில்லில். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் போடுங்கள். ஒருவரிடம் ஏதாவது ஒரு வெட்டிடம் மரபு வேறுபாட்டால் அழிந்திருந்தாலும் மற்றது கைகொடுக்கும்.

வெட்டுக்கு முன், முனையிலிருந்து டி.என்.ஏ.வைத் தின்னும் எக்ஸோநியூக்ளியேஸ்-5 நொதியைப் போட்டால் நேர்கோட்டில் கிடக்கும் உட்கரு டி.என்.ஏ. கரையும், வட்டம் தப்பும். ஆனால் வோர்டெக்ஸில் (குழாயை வேகமாகக் குலுக்கும் கருவி) ஆட்டி முறித்த மாதிரியில் உடைந்த வட்டத்தையும் அது தின்றுவிடும். அந்த நொதியை நிறுத்த, மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. சேர்த்திருந்தால், பீட்ஸில் (டி.என்.ஏ.வைப் பிடிக்கும் காந்த மணிகள்) கழுவிவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் மக்னீசியம் இல்லாமல் வெட்டு நொதி சும்மா இருக்கும்.

அடுத்தது நீள ஃபில்டர். உட்கருவில் ஒட்டிக்கிடக்கும் மைட்டோகாண்ட்ரியா நகல்களைத் தவிர்க்க 15,000-க்குக் குறைந்த ரீட்களை வீசுகிறீர்கள். பலருக்கும் தெரிந்த 4,977 கார நீக்கம் உள்ள வட்டத்தின் நீளம் 11,592. தேடும் பொருளையே குப்பைக்கு அனுப்பலாமா? நீளத்தை விடுங்கள். ரீட்டின் இரு முனைகளும் வெட்டிடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ரெஃபரன்ஸையும் (ரீட்களை ஒப்பிடும் அடிப்படை வரிசை) வெட்டிடத்திலிருந்து தொடங்குமாறு சுழற்றி வையுங்கள். வழக்கமான எண்ணில் 1-ஆம் இடம் டி-லூப் என்னும் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் விழுவதால், அதைக் கடக்கும் ரீட் இரண்டாகப் பிளந்து, இல்லாத மறுசீரமைப்பைக் காட்டும். 14258-இல் தொடங்கினால் புது எண்ணோடு 14257-ஐக் கூட்டுங்கள். 16569-ஐத் தாண்டினால் அதைக் கழித்தால் பழைய எண் வந்துவிடும்.

அசெம்பிளி (ரீட்களைக் கோத்து முழு வரிசையைக் கட்டுவது) தேவைப்பட்டால் இரு குழாய் ரீட்களையும் கலந்து கொடுங்கள். ஒரே வெட்டு ரீட்கள் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கி முடிவதால் இணைப்பை எதுவும் கடக்காது, வட்டம் மூடாது. அதோடு, அசெம்பிளி பெரும்பான்மையை மட்டுமே தரும். ஹெட்டிரோபிளாஸ்மி (ஒருவரிடமே மாறிய வட்டமும் மாறாத வட்டமும் கலந்திருப்பது) விகிதத்தை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

303 முதல் 315 வரையுள்ள, சி எழுத்துகள் மிகுந்த வரிசையில் வரும் சின்ன நீக்கங்களை நம்பவேண்டாம். 3107-இல் ‘நீக்கம்’ என்று எழுதவே வேண்டாம். பழைய எண்கள் மாறாதிருக்க, திருத்திய கேம்பிரிட்ஜ் வரிசையில் (வழக்கமாகப் பயன்படும் ரெஃபரன்ஸ்) அங்கே வைத்திருப்பது வெறும் இடநிரப்பி. அந்த நீக்கம் எல்லாருக்கும் இருக்கும்!

இப்படிக்கு,
மைட்டோகாண்ட்ரியா வரிசை ஆய்வில் இருப்பவர்கள்