தண்ணீர் நிறையக் குடிக்கிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகச்சுருக்கம் போக ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வயதை ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்கள் என்று ஒரே வரியில் அத்தனை பேரையும் ஓரங்கட்டிவிட்டார் கட்டுரையாளர். எனக்கு 53 வயது. ஒப்புக்கொள்வதில் ஒரு தயக்கமும் இல்லை. ஆனாலும் கட்டுரை தைத்தது.

சில மாதங்களுக்கு முன் அலுவலகத்தில் ஒரு பெண், "அக்கா, முகம் பளிச்சென்று இருக்கே, என்ன போடுறீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, தண்ணீர் நிறையக் குடிக்கிறேன்" என்றேன். பச்சைப் பொய். சுருக்கத்தைக் குறைக்கத் தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த ட்ரெட்டினாயின் களிம்பை மூன்று வருடமாக இரவில் பட்டாணி அளவு எடுத்துத் தடவி வருகிறேன். முதல் இரண்டு மாதம் முகமெல்லாம் செதில் செதிலாக உரிந்து, யாரையும் நேருக்கு நேர் பார்க்கவே கூசியது. இவ்வளவையும் விழுங்கிவிட்டுத் தண்ணீர்மேல் பழியைப் போட்டேன். இதே பெண்ணிடம் என் தலைக்கு எந்த டை, எந்த நிறம், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்றெல்லாம் கூச்சமே இல்லாமல் சொன்னவள்தான் நான். நரையை மறைத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சுருக்கத்தில் கைவைத்தால் மட்டும் ஏன் அது பகட்டாகிவிடுகிறது?

கட்டுரையாளர் இதைச் சமூக ஊடகம் பிடித்து ஆட்டும் புதுப் பேய் என்கிறார். அவ்வளவு புதிது ஒன்றும் இல்லை. சுசான் நோயல் என்ற பெண் மருத்துவர் 1920களிலேயே பாரிஸில் முகத்தோலை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை செய்துவந்தார். பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்தவரும் அவரே. இரண்டுக்கும் முரண் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. வயது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்த பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். சொந்தக் காலில் நிற்கும் பெண்ணுக்கு முகமும் ஒரு பிழைப்புக் கருவி என்று அவர் கண்டார். நூறு வருடம் கழித்தும், பதவி உயர்வுப் பட்டியல் வரும் வாரத்தில் கழிவறைக் கண்ணாடி முன் கூடுதலாக இரண்டு நிமிடம் நிற்கும் பெண்களை எனக்குத் தெரியும். நானும் நின்றிருக்கிறேன். பக்கத்து இருக்கை ஆணின் நரைக்கு அனுபவம் என்று பெயர். அதைத் தொடாமல் பெண்களை மட்டும் கேலி செய்வது சுலபம்.

என் கோபம் கேலியோடு நின்றுவிடவில்லை. கேலிக்குப் பயந்து பெண்கள் இதை ரகசியமாகச் செய்துகொள்கிறார்கள். அந்த ரகசியம்தான் ஆபத்து.

என் தோழி ஒருத்தி, கணவருக்குத் தெரியாமல் ஓர் அழகு நிலையத்தில் மூக்கோரத்துக் கோடு மறைய ஃபில்லர் (கோட்டை நிரப்பத் தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும் கூழ்) போட்டுக்கொண்டாள். ஊசி போட்டவர் மருத்துவர் இல்லை. வீடு திரும்பும்போதே வலி. மேலுதட்டுக்கு மேலே தோல் வெளுத்து, பிறகு வலை வலையாக ஊதா நிறம் படர்ந்தது. கேட்டவர்களிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு அந்த ராத்திரி முழுக்கப் படுத்தே கிடந்திருக்கிறாள். ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகலாம். கண்ணுக்குப் போகும் குழாயில் அடைத்தால் பார்வையே போகலாம். ஹயலுரானிக் அமில ஃபில்லராக இருந்தால், அதைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்ற மருந்து உண்டு. ஆனால் அதைச் சில மணி நேரத்துக்குள் போட வேண்டும். மறுநாள் மருத்துவமனையில் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே போட்டது என்ன?" அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொள்ளவே கூசியிருக்கிறாள். பார்வை தப்பியது. மூக்கோரத்தில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. அதற்கும் ஒரு பொய் வைத்திருக்கிறாள்.

இதற்காக நான் அழகு வியாபாரிகளுக்கு வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். கொலாஜன் கிரீம் என்று விற்கிறார்களே, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் மூலக்கூறு தோலுக்குள் புக முடியாத அளவுக்குப் பெரியது. மேலே தங்கி ஈரப்பதம் தரும், அவ்வளவுதான். சுருக்கத்தைத் தள்ளிப்போட உண்மையில் உதவும் பொருள் சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை வருடம் கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. தினமும் பூசியவர்களின் தோல் மூப்பு, இஷ்டப்பட்டபோது மட்டும் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவு. உங்கள் கட்டுரையில் இதற்கு அரை வரிகூட இல்லை.

'நான் எதுவுமே போடுவதில்லை' என்று நிமிர்ந்து சொல்லும் பெண்கள் இன்னொரு பக்கம். என் நாத்தனார் அந்தக் கட்சி. அவருக்கு முகவாகு அப்படி, கொடுத்துவைத்தவர். அந்தப் பெருமிதத்தைக் கேட்கும்போதெல்லாம் மற்ற பெண்கள் வாயை இறுக்க மூடிக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

போன மாதம் என் மகள் (22 வயது) வந்து, "அம்மா, இப்பவே போடாக்ஸ் ஆரம்பிச்சா கோடே விழாதாமே?" என்றாள். என்ன சொல்வது? இந்த மூன்று வருடமாக அவளும் தண்ணீர்க் கதையைத்தான் என்னிடம் கேட்டு வந்திருக்கிறாள். அன்று அலமாரியைத் திறந்து களிம்பை எடுத்துக் காட்டினேன். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது இதைத் தொடக்கூடாது என்பது வரை சொன்னேன். பிறகு இருவரும் உட்கார்ந்து போடாக்ஸைப் பற்றித் தேடிப் படித்தோம். அது நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் விளைவு போய்விடும், மறுபடி போட வேண்டும். கண் சிகிச்சைக்கு வந்த மருந்து அது. கனடாவில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒரு நோயாளி, நெற்றிக் கோடு மறைந்ததைக் கவனித்துச் சொன்னார். ஜீனும் தோல் மருத்துவரான அவர் கணவரும் அதை 1992இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அமெரிக்காவில் சுருக்கத்துக்கென்று அனுமதி கிடைத்தது 2002இல். படித்து முடித்ததும், "வருஷத்துக்கு மூணு தடவையா? வேலையைப் பாரும்மா" என்று எழுந்து போய்விட்டாள். நாளைக்கே மனம் மாறலாம். மாறினால் என்னிடம் சொல்லிவிட்டு, மருத்துவரிடம் போவாள் என்ற நம்பிக்கை இருக்கிறது.

ஆகவே, அடுத்த கட்டுரையை ஒரு தோல் மருத்துவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். எந்த ஊசி என்ன செய்யும், அதைப் போடத் தகுதி யாருக்கு, போட்டபின் எந்த அறிகுறி தெரிந்தால் ஓட வேண்டும் என்று அவர் எழுதட்டும்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். இவ்வளவு எழுதிவிட்டு இதைக் கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் இன்னமும் நான் தண்ணீர் குடிக்கிறவள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி