கட்டு அவிழக் காரணமானவர்களுக்கு

அன்புள்ள தன்னார்வலர்களுக்கு,

அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. முன்பே எழுதியிருக்க வேண்டிய மடல். உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

அன்று மனநல வார்டில் அவருடைய இரண்டு கைகளையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். "அவர் நல்லதுக்குத்தான்" என்றார்கள், நாங்களும் தலையாட்டினோம். நீங்கள் இருவர் வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டீர்கள்: கட்டச் சொன்னது யார், எத்தனை மணிக்குக் கட்டியது, எப்போது அவிழ்ப்பது, இடையில் தண்ணீர் கொடுத்தது யார். ஒன்றுக்கும் பதிவேட்டில் பதில் இல்லை. அரை மணி நேரத்தில் கட்டு அவிழ்ந்தது. கூடவே இருந்த எனக்கு இந்தக் கேள்விகள் ஏன் தோன்றவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பெரிது. உங்களில் மூத்தவர் எங்களைத் தாண்டிப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்களுக்கு என்ன தம்பி வேணும்?" என்றார். அதுவரை எல்லோரும் அவரைப் பற்றி என்னிடம்தான் கேட்டார்கள். அண்ணன் சொன்னது ஒரே சொல்: "கண்ணாடி." சேர்த்த அன்று வாங்கி வைத்த மூக்குக்கண்ணாடியை எட்டு நாளாக யாரும் திருப்பித் தரவில்லை. ஆள் அடையாளம் தெரியவில்லை என்று அதையும் நோய்க்கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள்!

தானும் ஒருகாலத்தில் அப்படிப்பட்ட வார்டில் கிடந்தவன் என்று சொன்ன தம்பிக்குத் தனி நன்றி. பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் 1797இல் மனநோயாளிகளின் சங்கிலியைக் கழற்றியவர், பேர் வாங்கிய மருத்துவர் பினேல் அல்ல, புசேன் என்ற கண்காணிப்பாளர் என்று உன்னிடம்தான் அறிந்தேன். தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்து, கண்டமாலை என்ற கழுத்துக் கட்டி நோய்க்குச் சிகிச்சை பெற அங்கேயே நோயாளியாக வந்து சேர்ந்தவராம். 1953இல் அமெரிக்க மனநலக் காப்பகங்களின் பழைய இரும்பு விலங்குகளை உருக்கி மணி வார்த்த கதையையும் சொன்னாய். அண்ணன் அதை இரண்டு முறை கேட்டார்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று பொறுமையாக விளக்கியவருக்கும், ஜன்னலோரக் கட்டில் கேட்டு வாங்கித் தந்த இரவு நேர நர்ஸம்மாவுக்கும் நன்றி.

அனுப்புமுன் அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். முதல் வரியில், "அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வந்து" என்று எழுதியிருந்தேன். "நீ எங்க கூட்டிட்டு வந்த? நானேதான் வந்தேன். மாத்து" என்றார். மாற்றிவிட்டேன்.

அன்புடன்,
தங்கை