சிட்டுக்கு இன்னும் பால் பல் விழவில்லை

நியூமார்க்கெட்,
செப்டம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

குமார் எழுதுவது. ஃபோனில் பேசினால் ஐந்து நிமிஷத்தில் "சரி, உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிடுகிறீங்க. அதனால்தான் கடிதம். செல்வி, நீ அப்பாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டு. குதிரை சமாச்சாரம் வருகிற இடத்தில் தாண்டிப் போய்விடாதே. அவருக்கு வேண்டியது அதுதான்.

எனக்கு இன்னும் கோடை என்றால் ஊட்டிதான் அப்பா. ஏப்ரல் பிறந்ததும் குதிரைகளோடு நீங்க மலையேறிப் போவீங்க. ஜூனில் ஒரு பை கேரட்டும் விடாத சளியுமாகத் திரும்பி வருவீங்க. அங்கே இருந்த குதிரைப் பந்தய மைதானத்தை 2024ல் அரசு எடுத்துக்கொண்டது. கிண்டிப் பந்தய மைதானத்தின் குத்தகையும் அதே வருஷம் ரத்தானது. அதைப் பற்றி நீங்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. இந்த வருஷம் நான் இங்கே ஒரு கோடை முழுக்க இரண்டு வயசுக் குட்டிகளோடு இருந்தேன். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஊரைப் பற்றி முதலில். லண்டனுக்கு வடக்கே நூறு கிலோமீட்டர். நம்ம வேளச்சேரியைவிடச் சின்ன ஊர், ஆனால் ஏறக்குறைய 3,000 பந்தயக் குதிரைகள் இங்கே பயிற்சியில் இருக்கு. குதிரைகளுக்கென்று ஊருக்குள் தனிப் பாதை. ரோட்டைக் கடக்கிற இடத்தில், சேணத்தில் உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில் ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் லாரியிலிருந்து பஸ் வரைக்கும் நின்று வழிவிடும். உங்களைக் கூட்டிவந்து அதை ஒரு தடவை அழுத்தச் சொல்லணும் என்று ஆசை.

பயிற்சி மைதானம் மட்டும் 2,500 ஏக்கர். சுண்ணாம்புப் பாறைமேல் வளர்ந்த புல். மழை பெய்தால் தண்ணீர் தேங்காது, கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்கி எழும். ஏர் படாத பழைய தரை. வாரன் ஹில் என்று ஒரு மேடு இருக்கு, காலையில் அதில் ஏற்றித்தான் கேன்டர், அதாவது மிதமான ஓட்டம். ஏற்றத்தில் ஓடும்போது பின்னங்கால் வேலை செய்யும், முன்னங்காலுக்கு விழுகிற அடி குறையும், மூச்சும் பலப்படும். மேலே போய் நின்று திரும்பிப் பார்த்தால் ஊரே காலடியில் கிடக்கும். குதிரைகளின் முதுகிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாரும் பேசமாட்டார்கள்.

நாலரைக்கு எழுந்திருக்கிறேன். ஒரு காலைக்கு நாலு குதிரை ஏறணும். எங்கள் லாயத்தில் ராஜஸ்தான்காரர் இரண்டு பேர், ஹைதராபாத் பையன் ஒருத்தன், பிரேசில்காரர் ஒருத்தர் இருக்கிறார்கள். இந்த ஊரில் இந்தியாவிலிருந்து வந்த ரைடர்கள் நிறைய. ஒன்பது ஸ்டோனுக்குள், அதாவது 57 கிலோவுக்குள், இருக்கப் பார்க்கிறேன். அம்மா கேட்டால் ராத்திரி சாதம் சாப்பிடுகிறேன் என்றே சொல்லுங்க.

இப்போது சிட்டு. அவளைப் பற்றி ஃபோனில் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறேன். பழுப்பு நிறம், நெற்றியில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை. ரேஸ் புத்தகத்தில் வேறு பேர், சிட்டு நான் வைத்தது. போன அக்டோபரில் இங்கேயே டாட்டர்சால்ஸ் ஏலத்தில் வாங்கினார்கள். ஏலத்தில் இன்னும் கினி கணக்குதான், ஒரு கினி ஒரு பவுண்டு ஐந்து பென்ஸ். இவளைச் சல்லிசாக வாங்கிவிட்டார்கள், ஏனென்றால் பொடிசு. பிறந்தது மே மாசம் பாதியில்.

செல்வி, இது உனக்கு. இந்த ஜாதிக் குதிரைகள் எந்த மாசம் பிறந்தாலும் ஜனவரி 1 அன்று எல்லாவற்றுக்கும் ஒரு வயசு கூடிவிடும். ஜனவரியில் பிறந்ததும் மே மாசம் பிறந்ததும் ஒரே வயசு என்று ஒரே வரிசையில் நிற்கும். நம்ம தெருவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஓட விட்ட மாதிரி. அப்பாவுக்கு இது தெரியும். ஆனால் கிண்டியில் இரண்டு வயசுக் குட்டிகள் வருஷக் கடைசியில்தான் ஓட வரும். இங்கே மார்ச் கடைசியிலேயே ஐந்து பர்லாங், அதாவது ஒரு கிலோமீட்டர், பந்தயம் ஆரம்பித்துவிடுகிறது. பால் பல் விழாத வாயில் இரும்புக் கடிவாளம். எனக்கு அது முதலில் மனசுக்கு ஒப்பவில்லை. இப்போதும் முழுசாக ஒப்பவில்லை.

அவளைப் பழக்கியதில் நானும் இருந்தேன். முதலில் நீளக் கயிற்றில் வட்டம், பிறகு பின்னால் நடந்தே இரண்டு கயிற்றில் ஓட்டுவது, அதற்குப் பிறகுதான் ஆள் ஏறுவது. ஏறுவது என்றால் எடுத்தவுடனே இல்லை. வயிற்றால் குறுக்கே படுத்துக் கிடக்கணும், அவளுக்கு நம்ம பாரம் பழகட்டும் என்று. லேசான ஆள் என்று என்னைத்தான் படுக்க வைத்தார்கள். அவள் கழுத்தைத் திருப்பி என் சட்டையை மோந்து பார்த்தாள், அவ்வளவுதான். துள்ளவில்லை. அன்றைக்கே இவளை விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

மே மாசம் அவளுக்கு முதல் பந்தயத் தேதி குறித்தார்கள். அதற்காக இரண்டு தடவை மூன்று பர்லாங் வேகமாக ஓட்டினோம். இரண்டாவது ஓட்டத்துக்கு மறுநாள் விடிகாலை லாயத்துக்குப் போனேன். நீங்க சொல்லிக்கொடுத்தபடி விளக்குப் போடாமல், தீனி வைப்பதற்கு முன்னால், முதலில் காலைத் தடவினேன். இடது முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் முன்பக்கம், இளஞ்சூடு. கட்டைவிரலால் அழுத்தியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

இளங்குதிரைக்கு அந்த எலும்பு வேகத்தைத் தாங்கத் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கிக்கொள்ளும். நாம் அவசரப்பட்டால் கெட்டியாவதற்கு முன்னே வலி வந்துவிடும். ஓய்வு கொடுத்தால் சரியாகும், கொடுக்காமல் ஓட்டினால் எலும்பில் கீறல் விழும். இதெல்லாம் தெரிந்தும் கால் மணி நேரம் அந்த இருட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று நின்றேன் அப்பா. நான் புது ஆள், விசாவும் இந்த வேலையோடு கட்டியது. முதலாளி ஆசையாகத் தேதி குறித்திருக்கிறார். நேற்று அவள் நொண்டவும் இல்லை. பிறகு உங்க கை ஞாபகத்துக்கு வந்தது. கிண்டியில் ஒரு பெரிய பந்தயத்துக்கு முந்தின ராத்திரி "இது ஓடாது சார்" என்று சொல்லிவிட்டு வந்து வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தீங்களே, அந்த ராத்திரி. போய்ச் சொல்லிவிட்டேன்.

டிரெயினர் வந்தார், குனிந்து அதே இடத்தை அழுத்தினார், ஒன்றும் பேசவில்லை. பலகையிலிருந்து அவள் பேரை அழித்துவிட்டுப் போய்விட்டார். சாயந்திரம் தேடி வந்து, "உன் அப்பா என்ன வேலை செய்தார்?" என்று கேட்டார். "சைஸ், குதிரையைப் பராமரிக்கிற வேலை" என்றேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதை உங்களிடம் சொல்லத்தான் இத்தனை நாளாகத் தவித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் அவளுக்கு நடை மட்டும்தான். மத்தியானம் கையில் பிடித்துப் புல் மேய விடுவேன். மற்றக் குட்டிகள் ஊர் ஊராகப் போயின. இங்கே சீசன் நம்ம தேர் மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கும். ஜூனில் அஸ்காட், ஜூலையில் நியூமார்க்கெட், மாசக் கடைசியில் குட்வுட், ஆகஸ்டில் யார்க், செப்டம்பரில் டான்காஸ்டர்.

அஸ்காட்டுக்கு எங்கள் ஆண் குட்டி ஒன்றோடு நான் போனேன். 1711ல் ராணி ஆன் தொடங்கிய மைதானம். மதியம் ராஜா குதிரை வண்டியில் பாதை நெடுக வருகிறார், ஆண்கள் எல்லாம் உயரத் தொப்பியைக் கழற்றுகிறார்கள். நான் அந்த வண்டிக் குதிரைகளைத்தான் பார்த்தேன், எட்டுக் கால் வைத்தால் எட்டும் ஒன்றுபோல் விழுந்தது. அங்கே இரண்டு வயசுக் குட்டிகளைப் பார்த்தால் நீங்க நம்பமாட்டீங்க. வருஷ ஆரம்பத்தில் பிறந்ததுகள் தோளும் பின்தொடையும் திரண்டு, பெரிய குதிரை மாதிரியே நிற்கும். எங்கள் குட்டிக்கு அந்தக் கூட்டமும் சத்தமும் பழக்கமில்லை. பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டுகிற பரேட் ரிங்கிலேயே வியர்த்து ஒழுகியது, பாதி பலம் அங்கேயே போய்விட்டது. பின்வரிசையில் வந்தது. திரும்பும் வழியில் வேனுக்குள் அது என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தது. ஏப்ரலில் ஜெயித்த குட்டி அது. ஆகஸ்டில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் மற்றதெல்லாம் வளர்ந்துவிட்டது, இது ஏப்ரலில் இருந்த அளவிலேயே இருந்தது.

ஜூலைப் பந்தயம் எங்கள் ஊரிலேயே. இங்கே இரண்டு மைதானம். வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் ரௌலி மைல், கோடைக்கு ஜூலை கோர்ஸ். பரேட் ரிங்கைச் சுற்றி மர நிழல். இரண்டு வயசுக் குதிரைகளுக்கான ஜூலை ஸ்டேக்ஸ் 1786லிருந்து இந்த ஊரில் ஓடுகிறது. வேலை இல்லாத ஒரு சாயந்திரம் அங்கே கம்பி வேலியில் சாய்ந்து வெறும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃப்ராங்கெல் என்ற பேர்பெற்ற குதிரை முதல் முதலில் ஓடியது அந்தத் தரையில்தான், 2010 ஆகஸ்ட் 13. மழையில் ஊறிய தரை, ஒரு மைல். அரைக் குதிரை நீளத்தில் ஜெயித்தது. இரண்டாவதாக வந்த நதானியல் அடுத்த வருஷம் அஸ்காட்டில் கிங் ஜார்ஜ் பந்தயத்தையே ஜெயித்த குதிரை. ஃப்ராங்கெல் அதற்குப் பிறகு தோற்கவே இல்லை, பதினாலுக்குப் பதினாலு. ஹென்றி செசில் புற்றுநோயோடு போராடிக்கொண்டே அதைப் பழக்கினார். அவ்வளவு பெரிய குதிரை கையில் இருந்தும் ஜூன் மாசத்துக்காக அவசரப்படாமல் ஆகஸ்ட் வரை வைத்திருந்தார். அங்கே நின்றபோது எனக்கு சிட்டு ஞாபகம்தான். அவள் ஃப்ராங்கெல் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் காத்திருப்பது அவளுக்கும் வேண்டியிருந்தது.

ஜூலைக் கடைசியில் அவளை மறுபடி வாரன் ஹில்லில் ஏற்றினோம். அதற்குள் பின்பக்கம் உயர்ந்து, கொஞ்ச நாளில் தோளும் அதை எட்டிப் பிடித்து, ஆளே மாறிவிட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் யார்மவுத். கடலோர ஊர், ஆனால் மைதானத்தில் நின்றால் கடல் காற்று வரும், கடல் தெரியாது. ஏழு பர்லாங், பத்துக் குட்டிகள். காலையில் அவள் பிடரியைப் பின்னினேன். செல்வி, பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அம்மா உனக்குப் பின்னுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ரிங்கில் சுற்றி வரும்போது, நன்றாக அலங்கரித்த குதிரைக்கு என்று சைஸுக்குக் கொடுக்கிற சின்னப் பரிசு ஒன்று உண்டு. அது எனக்குக் கிடைத்தது. அந்தப் பணம் அப்பாவின் கண் ஆபரேஷனுக்குப் போட்ட பணத்தோடு சேர்ந்திருக்கு.

கதவு திறந்ததும் ஒன்பதும் பறந்துவிட்டன, இவள் மட்டும் நின்று வேடிக்கை பார்த்தாள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாதி தூரம் கடைசியிலேயே வந்தாள். இரண்டு பர்லாங் மிச்சம் இருக்கும்போது பக்கத்தில் இன்னொரு குதிரையின் மூச்சு கேட்டிருக்கும் போலிருக்கு, காதை முன்னால் விறைத்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தாள் அப்பா. ஜாக்கி சாட்டையை எடுக்கவே இல்லை. ஐந்தாவது. கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்க மனசில்லாமல் போய்க்கொண்டே இருந்தாள். இறங்கியதும் ஜாக்கி சொன்னது: "ரேஸ் என்றால் என்னவென்று கடைசி நூறு கஜத்தில்தான் இவளுக்குப் புரிந்தது."

அன்று ராத்திரி வைத்த தீனியை ஒரு தானிய மணிகூட விடாமல் நக்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் நாலு மணிக்கே போய் இருட்டில் உட்கார்ந்து காலைத் தடவினேன். முன்னங்கால் இரண்டும், பின்னங்கால் இரண்டும், பச்சைத் தண்ணி மாதிரி சில்லென்று இருந்தது. அழுத்தினேன், இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே அவள் முழங்காலில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபரில் இன்னொரு ஓட்டம் இருக்கும். அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க ஓய்வு. அடுத்த வருஷம் மூன்று வயசு, அப்போது தெரியும்.

இன்று காலை கடிவாளம் போடும்போது வாயைப் பார்த்தேன். முன் பல் எல்லாம் இன்னும் பால் பல்தான். நடுவில் ஒன்று லேசாக ஆடுகிறது. தீனித் தொட்டியில் விழுந்தால் தேடி எடுத்து வைக்கிறேன். டிசம்பரில் வரும்போது கொண்டுவருவேன். உங்க கையில் கொடுக்கிறேன், தடவிப் பார்த்துச் சொல்லுங்க.

உங்கள் மகன்,
குமார்