அரிசியைத் திருப்பி அனுப்பிய தங்கச்சிக்கு

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சிக்கு,

ஸ்தோத்திரம். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பேர் போடவில்லை, பயப்படாதே. உன்னைப் போல இந்த மலையில் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும்.

போன வாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருந்து அரிசியும் கொஞ்சம் பணமும் கொண்டுவந்தார்கள். நீ வாசலிலேயே நின்று, "கர்த்தர் போதுமானவர், எனக்கு ஒரு குறைவும் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாய். ஆலயத்தில் எல்லாரும் உன் விசுவாசத்தை மெச்சினார்கள். எனக்கு மெச்ச மனசு வரவில்லை. வீட்டுக்காரர் இடுப்பு உடைந்து படுத்து மூன்று மாதம் ஆகிறது. தேயிலைக் கொழுந்து விலை உரச் செலவுக்கே காணவில்லை. போதாததற்கு உறைபனி வேறு பாதித் தோட்டத்தைக் கருக்கிவிட்டுப் போயிருக்கிறது. குறைவில்லையா?

உன் வீட்டுக் காலண்டரில் இருக்கும் வசனம் எனக்கும் பிடிக்கும்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் 4:13, பவுல் அப்போஸ்தலன் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதின நிருபம். அதற்கு இரண்டு வசனம் முன்னால், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டதாகப் பவுல் சொல்கிறார். மனரம்மியம்! இருக்கிறதில் மனசு நிறைந்திருப்பது. வேதாகமத்துக்கு வெளியே அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. சின்ன வயதில் அது ஏதோ ஒரு ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 'கற்றுக்கொண்டேன்' என்பதுதான். அவருக்கும் அது பிறவியிலேயே வரவில்லை. வேறோரிடத்தில், தன்னை வாட்டின ஒரு வேதனையை 'முள்' என்று சொல்லி, அதை எடுத்துப்போடும்படி மூன்று தரம் கெஞ்சினதாக அவரே எழுதுகிறார். வலிக்கிறது என்று சொன்னதால் அவர் விசுவாசம் குறைந்துபோனதா என்ன?

சரி, காலண்டரில் போடாத அடுத்த வசனத்துக்கு வா. 4:14 'ஆனாலும்' என்று தொடங்குகிறது. ஆனாலும் என் உபத்திரவத்தில் நீங்கள் உடன்பட்டது நலமாயிருக்கிறது என்கிறார். எல்லாவற்றுக்கும் பெலன் உண்டு என்று எழுதின மை காயுமுன்னே! அப்போது அவர் காவலில் கட்டப்பட்டிருந்தார். அந்தக் காலத்தில் காவலில் இருந்தவன் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் பெரும்பாலும் வெளியே இருந்த சொந்தபந்தத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். பிலிப்பி சபையார் அனுப்பின உதவியை எப்பாப்பிரோதீத்து என்கிற சகோதரன் அங்கிருந்து அத்தனை தூரம் சுமந்துபோய்க் கொடுத்தான், நடுவில் சாகக்கிடந்து பிழைத்தான். பவுல் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதற்கு வந்த நன்றிக் கடிதம் என்றுகூட அந்த நிருபத்தைச் சொல்லலாம்.

பிலிப்பி சிறைச்சாலையில் பவுலும் அவரோடு ஊழியம் செய்த சீலாவும் நடுராத்திரியில் பாடினதை வைத்து நம் கன்வென்ஷன்களில் எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! அதே அதிகாரத்தில், அப்போஸ்தலர் 16:33-இல், சிறைச்சாலைக்காரன் அவர்கள் காயங்களைக் கழுவினான் என்று இருக்கிறது. அதை யாரும் பிரசங்கிப்பதில்லை. அடிபட்ட முதுகை முன்பின் தெரியாத ஒரு காவல்காரனிடம் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, பாடுவதைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். 2009 நவம்பர் மழை உனக்கும் ஞாபகம் இருக்கும். நீலகிரி முழுக்க மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், மலை ரயில் பாதைகூடப் பெயர்ந்து போனது. எங்கள் வீட்டுப் பின்சுவர் ராத்திரியில் விழுந்தது. பிள்ளைகளோடு ஆலய மண்டபத்தில் பத்து நாள் படுத்தோம். முதல் இரண்டு நாள், "நாங்கள் சாப்பிட்டாயிற்று" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பிடவில்லை. தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளை நான். இலங்கைக் கண்டியில் இருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கின அப்பா, யாரிடமும் கை நீட்டாதே என்று சொல்லித்தான் வளர்த்தார். அந்த ரோஷத்தைத்தான் நான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு படுகர் வீட்டு அம்மா, நம் சபைக்காரர்கூட இல்லை, களியும் அவரைக் குழம்பும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டேன். உப்பு ஜாஸ்தி, குழம்பிலா கண்ணீரிலா தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் மண்டபத்தில் முதன்முதலாகத் தூங்கினேன். சுவர் விழுந்தபடியேதான் கிடந்தது. மனரம்மியம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தத் தூக்கம்தான் ஞாபகம் வரும்.

கவாத்து வெட்டுவது உனக்குத் தெரியாததா? நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் குச்சியாக நிறுத்திவிடுகிறோம். வேரில் சேர்த்துவைத்த சத்தில்தான் அது மறுபடி துளிர்க்க வேண்டும். செடிக்குத் தெம்பு குறைவு என்று தெரிந்தால் அப்பா ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவிடுவார். மற்றக் கிளைகள் தளிர்க்கிறவரை அந்த இலைதான் முழுச் செடிக்கும் சோறு போடும், அப்புறம் அதையும் வெட்டிவிடலாம் என்பார். நீ இப்போது அந்தக் கிளையையும் உன் கையாலேயே வெட்டிக்கொண்டிருக்கிறாய்.

வாங்கினால் ஊர் பேசும் என்று பயமா? பேசும்தான். இரண்டு வாரம் பேசுவார்கள், அப்புறம் அடுத்த வீட்டுக் கல்யாணம் வந்துவிடும்.

அரிசி என் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எடுத்துக்கொண்டு வருகிறேன். வாசலில் நின்று வசனம் சொல்லாதே, எனக்கு முழங்கால் வலி, உட்கார வேண்டும். டீ போட்டு வை. சர்க்கரை இருக்கிறதா? இல்லையென்றால் இல்லை என்று ஒரு போன் பண்ணிச் சொல், கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அக்கா
கோத்தகிரி